டோக்கியோவில் ஒரே ஒரு ஞாயிறு: மாதிரி ரயில் எங்கே, எதை வாங்குவது?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொம்பனிப் பயிற்சிக்காகப் பத்து நாள் டோக்கியோ போகிறாராம். கையில் இருப்பது ஒரு ஞாயிறும் இரண்டு மாலையும்தான். மாதிரி ரயில் விற்கும் கடைகள் எங்கே இருக்கின்றன, நம்முடைய உடரட்ட மெனிக்கே மலைநாட்டு ரயில் போல ஏதாவது கிடைக்குமா, ரயில் பாதையில் லைன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு என்ன கொண்டுவரலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

மகள் அங்கே வேலை செய்வதால் நான் இரண்டு தடவை போய் வந்தேன். ஹட்டனில் மின்சாமான் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்னறையில் ஒரு பலகையில் என் கோச்சி ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உடரட்ட மெனிக்கே. கிடைக்காது தம்பி. நம் நாட்டு ரயிலைப் பெட்டியில் அடைத்து விற்கும் பெரிய கொம்பனி ஜப்பானில் இல்லை. நம் எம்5 எஞ்சின்கள் 1979இல் ஹிட்டாச்சி செய்து அனுப்பியவை, அதனால் அங்கே அதன் மாதிரி இருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். இல்லை. நம் எம்2, அதாவது கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்து, அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணப் பெயர்களோடு வந்த எஞ்சின், அது ஜி12 என்கிற குடும்பம். அந்தக் குடும்பத்து மாதிரியை பிரேசிலில் ஃப்ராடெஸ்கி என்கிற கொம்பனி செய்கிறது. கிட்டத்தட்ட நம்முடையதுதான், ஆனால் அதைத் தேடி டோக்கியோவில் அலைய வேண்டாம்.

கடைப் பெயர்களுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த அளவு (ஸ்கேல்) ரயிலை வாங்கப்போகிறீர்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே போய்ப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று போனால் ஞாயிறு முழுவதும் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தே முடிந்துவிடும். கடைசி அரை மணி நேரத்தில் கண்டதையும் வாங்குவீர்கள். எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது.

ஜப்பானில் மாதிரி ரயில் என்றாலே முக்கால்வாசி 'என் கேஜ்' (ஆங்கில N எழுத்து) என்கிற அளவுதான். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். சாதாரண ரயில்களை நிஜத்தில் 150இல் ஒரு பங்காகவும், ஷின்கான்சென் அதிவேக ரயில்களை 160இல் ஒரு பங்காகவும் செய்கிறார்கள். அடுத்தது எச்.ஓ. வகை, 16.5 மில்லிமீட்டர். அங்கே அதை 80இல் ஒரு பங்காகச் செய்து, பதினாறாம் நம்பர் என்ற பொருளில் ஜூரோக்குபான் என்கிறார்கள். பார்க்க அழகு, கையில் எடுத்தால் கனம், விலையும் கனம். நம்முடைய பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் எச்.ஓ. வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும். என் கேஜ் என்றால் இரண்டரை அடி அகலம், நாலடி நீளத்தில் ஒரு பலகை போதும். மழை நாளில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆகவே என் கேஜ். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நம் ரயில் பாதை ஐந்தரை அடி அகலம், 1676 மில்லிமீட்டர். ஜப்பானின் சாதாரணப் பாதை 1067தான். நம் பாதையை 150இல் ஒரு பங்காக்கினால் 11 மில்லிமீட்டருக்கு மேல் வரும். 9இல் ஓட்டும்போது நம் ரயில் சற்று ஒடுங்கிய பாதையில் நிற்பது போலத்தான் தெரியும். லைன் வேலை பார்த்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார். என் அப்பாவும் லைன் வேலைதான், வட்டவளைப் பக்கம். உயிரோடு இருந்திருந்தால் முதலில் பாதையின் அகலம் அளக்கும் கேஜ் கட்டையைத்தான் கேட்டிருப்பார்.

சரி, கடைகள். உங்களுக்கு இருப்பது ஒரு ஞாயிறு என்றால் அகிஹபாரா ஒன்றே போதும். ஜே.ஆர். யமனோத்தே வட்டப் பாதையிலேயே அந்த நிலையம் இருக்கிறது. மின்சாதனத்துக்கும் பொம்மைக்கும் பேர்போன இடம். நம் ஆட்கள் அங்கே செய்கிற தவறு, தெருமட்டத்தில் கடை தேடுவது. அங்கே கடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழே சாப்பாட்டுக் கடை, மூன்றாம் மாடியில் ரயில், அதற்கு மேல் வேறெதுவோ. வாசலில் உள்ள மாடிப் பலகையைப் பார்த்து, இரண்டு பேர் மட்டும் நிற்கக்கூடிய சின்ன லிஃப்டில் ஏற வேண்டும். யாரிடமாவது கேட்க வேண்டுமானால் "தெட்சுதோ மொக்கெய்" என்று சொல்லுங்கள். ரயில் மாதிரி என்று அர்த்தம். கை காட்டிவிடுவார்கள்.

நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் யோதோபஷி என்கிற பிரமாண்டமான கடை. கமராவிலிருந்து அரிசிச் சட்டிவரை எல்லாம் உண்டு, பொம்மைத் தளத்தில் ரயிலும் உண்டு. புதிய சாமான், ஒழுங்கான விலை, காலையில் மற்றக் கடைகளுக்கு முன்னால் திறந்துவிடும். முதலில் அங்கே போய் புதிய பொருளின் விலையைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் வாங்க வேண்டாம். அப்புறம் மேற்குப் பக்கம், எலெக்ட்ரிக் டவுன் வாசலால் வெளியே வந்து, டம்டம், பொபொன்டெட்டா, கிறீன்மக்ஸ், இமோன் என்று தேடிப் போகலாம். இவை மாடி மாறும், கட்டடமும் மாறும். புறப்படும் வாரத்தில் ஃபோன் வரைபடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கடைகள் பத்து, பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.

பொபொன்டெட்டா மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம். பழைய ரயில்களை வாங்கி விற்பதோடு, கடைக்குள்ளேயே பெரிய ரயில் பாதை போட்டு நேரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ரயில் உங்களிடம் இல்லாவிட்டாலும் அவர்களுடையதை எடுத்து ஓட்டலாம். நான் போன நாளில் எனக்கு அடுத்த ஆசனத்தில் கோட்டும் டையுமாக ஒருவர். வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல. பையிலிருந்து புத்தகம் போல ஒரு பெட்டியை எடுத்தார். திறந்தால் மெத்தைப் பஞ்சு வெட்டிய பள்ளங்களில் எட்டுப் பெட்டிகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, சக்கரம் கம்பியில் உட்காருகிறதா என்று கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்து, கோத்து, ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டு போய்விட்டார். உங்கள் இரண்டு மாலைகளில் ஒன்றை இதற்குக் கொடுங்கள்.

இப்போது வாங்கும் விஷயம், என் பணம் போன கதையோடு. பழைய சாமான் கடை ஒன்றில் அழகான ஒரு செட், பாதி விலை. நான்கு பெட்டிகள், கீறல்கூட இல்லை. வாங்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்தால் அசையவில்லை. கரண்டைக் கூட்டினேன், கம்பியைத் துடைத்தேன், கடைசியில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மோட்டாரே இல்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. ஜப்பானில் நீளமான ரயில்களை இரண்டாகப் பிரித்து விற்பார்கள். கிஹோன் என்பது அடிப்படை செட், மோட்டார் பெட்டி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஸோகெட்சு என்பது பின்னால் சேர்க்கும் பெட்டிகள், இது பெரும்பாலும் தானாக ஓடாது. மோட்டார் உள்ள பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எம் எழுத்து ஒன்று வட்டத்துக்குள்ளோ அடைப்புக்குள்ளோ இருக்கும். அதைத் தேடுங்கள். ஃபோன் கமராவில் மொழிபெயர்க்கும் வசதி இப்போது இருக்கிறதே, அதைப் பெட்டிமேல் பிடியுங்கள். நான் போன காலத்தில் அது இப்படி வேலை செய்யவில்லை.

பழைய சாமானுக்கு அங்கே சூக்கோ என்று பெயர். அதற்கும் கீழே ஜங்கு என்று ஒரு கூடை இருக்கும். விளக்கு எரியாதது, கூரை உடைந்தது, கோர்வை இல்லாதது எல்லாம் அதில். திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் வண்ணம் மாற்றித் திருத்தப்போகிறவனுக்கு அந்தக் கூடைதான் சொர்க்கம். ஒரு பெட்டி சில நூறு யென்னுக்கும் கிடைக்கும். எஞ்சினை மட்டும் ஜங்கில் எடுக்காதீர்கள். சூக்கோ எஞ்சின் என்றால் கடையிலேயே ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்திருப்பார்கள், ஓட்டிக் காட்டச் சொல்லலாம். ஜப்பான் வார்த்தை தெரியாவிட்டாலும் விரலால் ஒரு வட்டம் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள்.

காட்டோ, டோமிக்ஸ். மாதிரி ரயில் செய்யும் இந்த இரண்டு கொம்பனிதான் அங்கே ராஜாவும் மந்திரியும். என் கேஜை 1965இல் ஜப்பானில் தொடங்கிவைத்தது காட்டோ. இரண்டும் நல்ல சாமான், ஆனால் இரண்டின் தண்டவாளமும் ஒன்றோடொன்று கோர்வையாகாது. இடையில் போட ஒரு மாற்றுத் துண்டு கிடைக்கும், அதை நம்பிக் கலக்க வேண்டாம். ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். என் தேர்வு காட்டோ. நம் வீட்டில் தண்டவாளத்தைப் போடுவதும் கழற்றுவதுமாக இருப்போம். காட்டோ தண்டவாளம் அந்த அடிக்குத் தாங்குகிறது. ரயில் பெட்டிகளைக் கலந்து ஓட்டலாம். எஞ்சினும் பெட்டியும் கோக்கும் கொக்கி மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

காட்டோவின் சொந்தக் கடை அகிஹபாராவில் இல்லை. ஓயேதோ சுரங்கப் பாதையில் ஒச்சியாய்-மினாமி-நாகசாக்கி என்று நாக்கு சுளுக்கும் ஒரு நிலையம், அதன் அருகில். கீழ்த்தளத்தில் ஒரு பழைய நிஜ ரயில் பெட்டியையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் அங்கே போவதுதான் சரி. நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். மாலைப் பயிற்சி முடிந்து ஓடினால் கதவு சாத்தியிருக்கலாம். கின்ஸாவில் தென்ஷோதோ என்று ஒரு கடை, 1879இல் தொடங்கியது, நகையும் கைக்கடிகாரமும் விற்கும் வீடு. அவர்களே பித்தளையில் ரயில் எஞ்சின் செய்து விற்கிறார்கள். கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.

ஓகஸ்டில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டோக்கியோ பிக் சைட் மண்டபத்தில் சர்வதேச மாதிரி ரயில் கூட்டம் அந்த மாதத்தில்தான் நடக்கும். திகதி ஒத்துவந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அங்கே போங்கள்.

ஒருவேளை பயிற்சியில் இன்னொரு நாள் ஓய்வு கிடைத்தால், வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு இரண்டு இடம். ஒமியாவில் ரயில்வே அருங்காட்சியகம். ஒமியாவிலிருந்து நியூ ஷட்டில் ரயிலில் ஒரே நிலையம். செவ்வாயில் மூடியிருக்கும். நிஜ எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன, எச்.ஓ. அளவில் பெரிய மாதிரி ஊரும் உண்டு. யோகஹாமாவில் ஹரா அருங்காட்சியகம். நொபுதாரோ ஹரா என்பவர் வாழ்நாளெல்லாம் செய்தும் சேர்த்தும் வைத்த ரயில்கள், 2012இல் திறந்தது. பெரிய ரயில்கள், 32இல் ஒரு பங்கு. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், மேலே ஓடும் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது வரும் அந்தத் தடக்-தடக் பிளாஸ்டிக் சாமானில் வராது. லைன் வேலை பார்த்தவரின் மகனுக்கு அது காதில் விழ வேண்டும். ஃபோனில் பதிந்துகொண்டு வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இனி அப்பாவுக்கு என்ன? எனக்குத் தோன்றுவது இது. ஒரு டீசல் எஞ்சின், பழைய பாணிப் பயணிகள் பெட்டி நான்கு, ஒரு சுற்றுத் தண்டவாளம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு பவர் பெக். ஜப்பானின் பழைய பெட்டிகள் கபில நிறத்தில் வருகின்றன. நம் பழைய செம்மண் நிறப் பெட்டிகளாக மாற்ற ஒரு நாள் வேலைதான். காட்டோ அமெரிக்கச் சந்தைக்கும் எஞ்சின் செய்கிறது. நீண்ட மூக்கும் ஒரு பக்கம் ஓட்டுநர் அறையும் உள்ள வகை ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். கனடாவிலிருந்து 1975இல் வந்த நம் எம்4இன் சாயல் அதில் கொஞ்சம் தெரியும். வளைவு 315 மில்லிமீட்டர் ஆரமுள்ளது எடுங்கள், அதற்குக் குறைந்தால் நீளமான பெட்டிகள் வளைவில் அசிங்கமாகத் துருத்தும். நம் மலைநாட்டுப் பாதையின் கடும் வளைவு ஐந்து செயின், அதாவது நூறு மீட்டர். அதை 150ஆல் வகுத்தால் 67 சென்டிமீட்டர் வருகிறது. மலையில் உடம்பைச் சாய்க்கிற வளைவு, பலகையில் போட இடமில்லாத அளவு தாராளமானது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். ஏற்றமும் அப்படித்தான். நம் பாதையில் 44க்கு ஒன்று, அதாவது 44 அடி போனால் ஒரு அடி ஏறும். காட்டோ விற்கும் ஏற்றத் தூண்கள் 25க்கு ஒன்று. நான்கு பெட்டிக்கு மேல் கோத்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும், நானுஓயாவுக்குக் கீழே மழையில் நடப்பது போல.

இன்னொரு சாமான் கட்டாயம் வாங்குங்கள். டோமிக்ஸ் விற்கும் தண்டவாளம் துடைக்கும் பெட்டி. ரயிலோடு கோத்து இழுத்தால் கம்பியைத் துடைத்து, தூசியை உறிஞ்சிக்கொண்டே போகும். டோக்கியோவில் இது ஆடம்பரம். இங்கே, மூன்று மாதம் பனிமூட்டமும் ஈரமும் அறைக்குள் வந்து உட்காரும் ஊரில், இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கம்பி கறுத்து ரயில் திக்கித் திக்கித்தான் ஓடும். துடைக்கும் திரவத்தை அங்கே வாங்க வேண்டாம், தீப்பற்றும் சாமானை விமானத்தில் விட மாட்டார்கள். இங்கே பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும்.

பலகையில் தேயிலை மலை வேண்டுமா? கடையில் நுரைத்தூள் பை பையாக விற்கும். அடர் பச்சை ஒன்று, இளம் பச்சை ஒன்று எடுங்கள். 150இல் ஒரு பங்கு என்றால் இடுப்பளவுச் செடி 6 மில்லிமீட்டர் அளவுதான் வரும். பந்து பந்தாக ஒட்டினால் முட்டைக்கோவா தோட்டம் போல இருக்கும். வரிசையாக ஒட்டி, காய்ந்ததும் புதிய பிளேட்டால் மேலே தட்டையாகச் சீவுங்கள், கவ்வாத்து முடிந்து கொழுந்து வந்த மலை மாதிரி மேசையாக வரவேண்டும். அதன் மேல் மட்டும் இளம் பச்சையைத் தூவுங்கள். சாலையோரத்துச் செடியில் கொஞ்சம் மண்நிறமும். எனக்கு இதைச் சரியாக வரச் செய்ய ஒரு வருஷம் ஆயிற்று.

ஆசை பெருகி தெமோதர வளைவு செய்யலாம் என்று தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிற அதிசயம், கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து எஞ்சினியருக்குத் தோன்றியது என்று கதை சொல்வார்கள். முதல் பலகையில் அது வேண்டாம். ஒன்பது வளைவுப் பாலம் வேண்டுமானால் செய்யலாம். நிஜப் பாலம் 91 மீட்டர், உங்கள் பலகையில் 61 சென்டிமீட்டர். கல் வளைவுப் பாலங்கள் பெட்டியில் கிடைக்கும், ஆனால் நேராக. நம்முடையது வளைந்தது. கடதாசி மட்டையில் நீங்களே வெட்டுவதுதான் வழி.

வரி விஷயம்: ஜப்பானில் விற்பனை வரி 10 சதவீதம், வெளிநாட்டவருக்குக் கழிவு உண்டு, பாஸ்போட் காட்ட வேண்டும். 2026 நவம்பர் முதல் கடையில் முழுப் பணமும் கட்டி, விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், கட்டுநாயக்கவிலும் கேட்டால் காட்டலாம். எஞ்சின்களைக் கைப்பையில் எடுத்துவாருங்கள், தண்டவாளம் பெட்டிக்குள் போகட்டும்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தப்பட்டது. ஜப்பான் கரண்ட் 100 வோல்ட். நமக்கு 230. போன வருஷம் ஒருவர் புத்தம் புதிய பவர் பெக் ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்தார். பின்னை மாற்றி நேராகச் சுவரில் செருகியிருக்கிறார். மூடியைக் கழற்றும்போதே வாசனை சொல்லிவிட்டது, உள்ளே சுருள் கறுத்து, பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்திருந்தது. அடப்டரின் முதுகில் உள்ளீடு 100 என்று மட்டும் இருந்தால் இங்கே அப்படியே செருகக் கூடாது. 230ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்போமர் நடுவில் வேண்டும். அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டாம். என் கடையில் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, வேலை செய்கிறது. வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் ஹட்டனில் ஒருமுறை இறங்குங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.